ஓடாத காணொளி: பழுது கோப்பிலா, கணினியிலா?

கணினியில் ஒரு காணொளிக் கோப்பு ஓடாதபோது திரையில் தோன்றும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரியானது: கோப்பைத் திறக்க முடியவில்லை, அதன் வடிவம் ஏற்கப்படாததாக இருக்கலாம், அல்லது கோப்பு சிதைந்திருக்கலாம். இந்த வரியிலுள்ள 'அல்லது' என்ற சொல் விளைவிக்கும் தீங்கு சிறிதல்ல. கோப்பு நலமாகத்தான் இருக்கிறது, அதைப் படிக்கும் வசதிதான் இந்தக் கணினியில் இல்லை என்பது ஒரு நிலை. கோப்பே கெட்டுவிட்டது என்பது முற்றிலும் வேறொரு நிலை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தையின் அறுபதாம் கல்யாணத்தைக் கைபேசியில் பதிவுசெய்து மடிக்கணினிக்கு மாற்றினார்கள். மடிக்கணினியில் இந்த அறிவிப்பு வந்ததும் பதிவு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, இடம் மிச்சமாகட்டும் என்று இரண்டிலிருந்தும் அழித்துவிட்டார்கள். அழிக்கும் நாள்வரை அந்தக் காணொளி கைபேசியில் தடையின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே ஓடாத கோப்பை எதிர்கொள்பவர் முதலில் கண்டறிய வேண்டியது, பழுது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே.

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள் அந்தக் காணொளி எந்த உறையில் இடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. கன்டெய்னர் என்று தொழில்நுட்பத்தார் அழைக்கும் இந்த உறைக்குள் படத்தடம் ஒன்று, ஒலித்தடம் ஒன்று அல்லது பல, சில வேளைகளில் வசன வரிகள், எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஆகியவை அடுக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் 1992இல் கொண்டுவந்த ஏவிஐ, ஆப்பிளின் குயிக்டைம் வடிவத்தை அடியொற்றிப் பின்னர் உருவான எம்பி4, 2002இன் இறுதியில் தொடங்கிய மட்ரோஸ்கா திட்டத்தின் எம்கேவி ஆகிய மூன்றும் உறைகளே. தபால் உறையின் மேற்புறத்தைப் பார்த்து உள்ளேயிருக்கும் கடிதம் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாதல்லவா? அதுபோல, எம்பி4 என்ற பெயரைப் பார்த்து உள்ளேயுள்ள படம் எந்த முறையில் சுருக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. கோப்பின் பெயரை எம்கேவியிலிருந்து எம்பி4 என்று மாற்றி எழுதினால் ஓடும் என்று நம்புவோர் இன்றும் உண்டு. அதனால் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை.

அந்த 'மொழி'தான் கோடெக். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட படத்தைச் சுருக்காமல், புள்ளி ஒன்றுக்கு 3 பைட் வீதம் நொடிக்கு 25 சட்டகங்களாக (ஃபிரேம்) சேமித்தால் ஒரு நொடிக்கே ஏறத்தாழ 155 மெகாபைட் தேவைப்படும். பத்து நிமிடப் பதிவு 90 கிகாபைட்டைத் தாண்டிவிடும். அதை நூறில் ஒரு பங்குக்கும் கீழே சுருக்கி வைப்பது கோடெக்கின் வேலை. எந்த விதிப்படி சுருக்கப்பட்டதோ அதே விதியை அறிந்த டீகோடர் இருந்தால்தான் அதை மீண்டும் படமாக விரிக்க முடியும். 2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264 இன்று ஏறக்குறைய எல்லாச் சாதனங்களுக்கும் தெரியும். 2013இல் வந்த எச்.265, அதாவது எச்இவிசி, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரவேண்டும் என்ற நோக்கில் உருவானது. 2018இல் வெளியான ஏவி1 உரிமத் தொகை இல்லாத மாற்றாக முன்வைக்கப்பட்டது. இவை மூன்றும் ஒரே எம்பி4 உறைக்குள் வரக்கூடும். நேற்று வந்த எம்பி4 ஓடியது, இன்று வந்த எம்பி4 ஓடவில்லை என்ற குழப்பத்தின் வேர் பெரும்பாலும் இதுதான்.

இதை ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் உறை எது, படத்தின் கோடெக் எது, ஒலியின் கோடெக் எது, ஒரு நிறத்துக்கு 8 பிட்டா 10 பிட்டா என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். விஎல்சி பிளேயரிலும் கருவிகள் பட்டியலில் உள்ள கோடெக் தகவல் என்ற பகுதி இதையே காட்டும். என் கருத்தில், ஓடாத கோப்புக்கு வேறு எந்தச் சிகிச்சையையும் தொடங்குமுன் இந்தப் பக்கத்தைப் படிப்பது கட்டாயம். இந்த விவரங்கள் முழுமையாகத் தெரிந்தால் கோப்பின் கட்டமைப்பு பெரும்பாலும் நலமாக இருக்கிறது என்று பொருள். கோப்பின் அளவு மட்டும் தெரிந்து மற்ற எல்லாம் வெறுமையாக இருந்தால்தான் சிதைவை ஐயுற வேண்டும்.

கோப்பு நலமாக இருந்தும் கணினி ஏன் அதை ஓட்டுவதில்லை என்பதற்கான விடை, பொறியியலைவிடக் காப்புரிமைச் சட்டத்தில்தான் அதிகம் இருக்கிறது. எச்இவிசி தொடர்பான காப்புரிமைகள் பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுக்கான உரிமத் தொகையை வசூலிக்க ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் தனித்தனியே தோன்றின. விண்டோஸ் 10 எச்இவிசி டீகோடரை முதலில் உடன்கொண்டே வந்தது. 2017ஆம் ஆண்டின் பெரிய புதுப்பிப்போடு அது தனியே பிரிக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அமெரிக்காவில் 99 சென்ட் விலைக்கு வாங்க வேண்டிய இணைப்பாக மாறியது. அதே 2017இல்தான் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 11 வழியாக ஐஃபோன் 7 முதலான கைபேசிகளில் எச்இவிசியை இயல்பான பதிவு முறையாக்கியது. ஒரு பக்கம் கைபேசிகள் புதிய மொழியில் எழுதத் தொடங்கிய அதே ஆண்டில், மறுபக்கம் கணினிகளிலிருந்து அதைப் படிக்கும் வசதி கழற்றப்பட்டது. கைபேசியில் எடுத்த குடும்பக் காணொளி வீட்டுக் கணினியில் ஒலி மட்டும் கேட்டு, படம் கறுப்பாகவே நிற்பதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பயனரின் தவறு இதில் எதுவுமில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இதே காரணத்தின் வேறு முகங்களும் உண்டு. 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அளித்த போட்டிச் சட்டத் தீர்ப்பின் விளைவாக, மீடியா பிளேயர் இல்லாத 'என்' (N) பதிப்பு என்ற தனி விண்டோஸ் வகை உருவானது. அதை அறியாமல் நிறுவியவர் கணினியில் மிகச் சாதாரண எச்.264 கோப்புகூட இயங்குதளத்தின் சொந்த பிளேயரில் ஓடாது. மீடியா ஃபீச்சர் பேக் என்ற இலவச இணைப்பை நிறுவியதும் அது சரியாகிவிடும். லினக்ஸ் உலகில், ஃபெடோரா என்ற இயங்குதளம் 2022இல் சட்டச் சிக்கலைத் தவிர்க்க எச்.264, எச்.265 ஆகியவற்றுக்கான வன்பொருள் துணையைத் தன் இயல்பான மென்பொருள் தொகுப்பிலிருந்து நீக்கியது. மேக் கணினியில் குயிக்டைம் பிளேயர் எம்கேவி உறையையே திறப்பதில்லை. 2019இல் வந்த கேட்டலினா பதிப்போடு சினிபேக், சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளுக்கான ஆதரவும் நின்றுபோனது.

விஎல்சி மட்டும் இவை அனைத்தையும் எப்படி இலவசமாக ஓட்டுகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். பிரான்சின் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரியில் 1996இல் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் திறந்த மூல உரிமத்தில் வெளியிடப்பட்ட அந்த மென்பொருளைப் பராமரிக்கும் அமைப்பு பிரான்சில் இயங்குகிறது. அங்குள்ள சட்டம் மென்பொருள் காப்புரிமையை ஏற்பதில்லை என்பது அவ்வமைப்பின் நிலைப்பாடு. அது டீகோடர்களை இயங்குதளத்திடம் கேட்பதுமில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மூலத் திட்டத்தின் டீகோடர்களைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. எனவே இயங்குதளத்தின் பிளேயரில் ஓடாத ஒரு கோப்பு விஎல்சியில் ஓடினால், குறை டீகோடர் இல்லாமையே என்பது பெரும்பாலும் உறுதி. அங்கும் ஓடாவிட்டால் சிதைவின் பக்கம் ஐயத்தைத் திருப்பலாம்.

இணையத்தில் தேடி 'கோடெக் பேக்' என்று கிடைப்பதை எல்லாம் நிறுவுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் பரவிய ஸ்லாப் என்ற தீநிரல், காணொளியைப் பார்க்கத் தேவையான கோடெக் என்ற வேடத்தில்தான் கணினிகளுக்குள் நுழைந்தது. டீகோடர் என்பது வெளியாரிடமிருந்து வரும் சிக்கலான தரவைப் பிரித்துப் படிக்கும் நிரல் என்பதால் அதில் உள்ள ஓட்டைகள் ஆபத்தானவை. அந்த அச்சத்தாலேயே 2009 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களில் இன்டியோ என்ற கோடெக்கின் பயன்பாட்டை முடக்கியது. ஒரு காணொளி தன்னைப் பார்க்க இன்ன பிளேயரைத் தரவிறக்கு என்று தானே கேட்டால் அதை அங்கேயே மூடிவிட வேண்டும்.

டீகோடர்தான் குறை என்று தெரிந்தபின் பலர் உடனே 'கன்வெர்ட்' செய்யப் புறப்படுகிறார்கள். இங்கே இருவேறு செயல்கள் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. உள்ளேயிருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவது ஒன்று. இதைப் படத்தரம் துளியும் குறையாமல் சில நொடிகளில் செய்யலாம். எஃப்எஃப்எம்பெக், லாஸ்லெஸ்கட் ஆகிய மென்பொருள்கள் இதைச் செய்யும். படத்தை முழுவதுமாக விரித்து வேறு கோடெக்கில் மறுபடி சுருக்குவது மற்றொன்று. இது நெடுநேரம் எடுக்கும், ஒவ்வொரு முறையும் தரத்தில் கொஞ்சம் இழப்பு நேரும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் எப்போதும் இரண்டாவதையே செய்கிறது. எச்.264 படம் எம்கேவி உறையில் இருப்பதால் மட்டும் மேக்கில் திறக்கவில்லை என்றால் முதலாவதே போதும். இன்னும் நுட்பமான ஓர் எடுத்துக்காட்டு: எம்பி4 உறைக்குள் எச்இவிசி தடத்துக்கு 'எச்விசி1' (hvc1), 'எச்இவி1' (hev1) என்ற இரண்டு நான்கெழுத்துக் குறிகளில் ஒன்று இடப்படும், ஆப்பிளின் பிளேயர்கள் முதற்குறியை மட்டுமே ஏற்கின்றன. அந்த நான்கு எழுத்தை மாற்றி உறையிட்டாலே ஓடிவிடக்கூடிய கோப்பை, விவரம் தெரியாமல் மணிக்கணக்கில் மறுசுருக்கம் செய்து தரத்தை இழப்பது வீண். எதைச் செய்தாலும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. ஐஃபோனில் இனி எடுக்கப்போவதற்கு மட்டும் கேமரா அமைப்பில் 'அதிகப் பொருத்தம்' என்ற வடிவத்தைத் தேர்ந்தால் பெரும்பாலான பதிவுகள் எச்.264ஆகவே அமையும்.

படம் வந்து ஒலி வராவிட்டால் படத்தடத்தைச் சோதித்துப் பயனில்லை. டிடிஎஸ், ஏசி-3, பழைய கைபேசிகளின் 3ஜிபி கோப்புகளில் வரும் ஏஎம்ஆர் போன்ற ஒலிக் கோடெக்குகளே காரணமாக இருக்கும். கட்டண ஓடிடி செயலிகளுக்குள் இறக்கிவைத்த படங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை. அவை வெளியே திறக்கப்படுவதற்கு உரியவை அல்ல. தமிழில் பெயரிட்ட கோப்பையோ கோப்புறையையோ யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்கள் வெறும் கேள்விக்குறிகளாகக் காண்பதும் உண்டு. பெயரை ரோமன் எழுத்தில் மாற்றி, குறுகிய பாதையில் வைத்துப் பார்ப்பது ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை.

கோப்பு திறந்து, ஆனால் படம் தத்தித் தத்தி நகர்ந்தால் சிக்கல் கணினியின் ஆற்றலில் இருக்கிறது. எச்இவிசியை விரிக்கும் தனிச் சுற்று இன்டெல்லின் 6ஆம் தலைமுறைச் செயலிகளில் (பிராசசர்) 8 பிட்டுக்கும், 7ஆம் தலைமுறையில் 10 பிட்டுக்கும் வந்தது. அதற்கு முந்தைய கணினிகளில் அந்தச் சுமை முழுவதும் அல்லது பெருமளவு பொதுச் செயலியின் தலையில் விழும். திருமணப் படப்பிடிப்பாளர்கள் இன்று பயன்படுத்தும் சில கேமராக்கள் 10 பிட், 4:2:2 நிறமுறையில் எச்.264 அல்லது எச்இவிசியாகப் பதிகின்றன. இவற்றைப் பல புதிய வரைகலை அட்டைகள்கூட வன்பொருளில் விரிப்பதில்லை. படம் பச்சையாகவோ கட்டம் கட்டமாகவோ தெரிந்தால் பிளேயரின் அமைப்பில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். அதில் சரியானால் கோப்பு நலம், வரைகலை அட்டையின் இயக்கியைத்தான் (டிரைவர்) புதுப்பிக்க வேண்டும்.

இனி உண்மையான சிதைவு. இங்கும் 'கெட்டுவிட்டது' என்பது ஒரே பொருள் தரும் சொல்லல்ல. எம்பி4 கோப்பு சில பெரிய பெட்டிகளாக அமைந்தது. படமும் ஒலியும் குவிந்திருப்பது 'எம்டாட்' என்ற பெட்டி. எந்தச் சட்டகம் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் காட்டப்பட வேண்டும், டீகோடரை எப்படி அமைக்க வேண்டும் என்பதெல்லாம் 'மூவ்' என்ற பெட்டியில் உள்ளன. பதிவு முடியும்வரை மொத்தச் சட்டகங்கள் எத்தனை என்று கேமராவுக்குத் தெரியாது. ஆகவே பல கேமராக்களும் கைபேசிகளும் மூவ் பெட்டியைப் பதிவு நிறுத்தப்படும் தருணத்தில்தான் எழுதுகின்றன. அந்தத் தருணத்தில் பேட்டரி தீர்ந்தாலோ, நினைவட்டை பிடுங்கப்பட்டாலோ, ஒரு மணி நேரப் படம் முழுவதும் அட்டையில் இருந்தும் அதைப் படிப்பதற்கான வழிகாட்டி மட்டும் இல்லாமல் போகிறது. கோப்பின் அளவு பல கிகாபைட்; ஆனால் எந்த பிளேயரும் ஒரு சட்டகத்தைக்கூடக் காட்டாது. எஃப்எஃப்எம்பெக்கில் 'மூவ் பெட்டி காணப்படவில்லை' என்ற பொருளில் வரும் செய்தி இதைத்தான் சொல்கிறது.

இந்த நிலையில் கோப்பு இழந்துபோனதல்ல. சில கேமராக்கள், அதே அட்டையை மீண்டும் இட்டு இயக்கினால் முடிவுறாத பதிவை அடையாளம் கண்டு தாமே முடித்துவைக்கும். அதனால் அட்டையில் வேறு எதையும் எழுதுமுன் அதன் முழு நகலை எடுத்துவிட்டு, முதலில் அதையே முயல வேண்டும். அது உதவாவிட்டால் அன்ட்ரங்க் என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல காணொளி ஒன்றை அதற்கு மாதிரியாகத் தர வேண்டும்; அதிலுள்ள மூவ் பெட்டியிலிருந்து டீகோடர் அமைப்புகளை எடுத்துக்கொண்டு, பழுதான கோப்பில் சட்டகங்களின் எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்து, புதிய அட்டவணையை அது கட்டும். மாதிரிக் கோப்பின் தெளிவளவு (ரெசல்யூஷன்) வேறாக இருந்தால் முயற்சி தோற்கும். இதையே பெருந்தொகைக்குச் செய்துதருவதாகச் சொல்வோரிடம் போகுமுன் இந்த வழியை முயன்று பார்ப்பது நல்லது.

பாதி இறங்கிய எம்பி4 சில வேளை பாதிவரை ஓடுவதும், சில வேளை அடியோடு திறக்காததும் இதனால்தான்: இணையத்துக்காக அணியமாக்கிய கோப்பில் மூவ் பெட்டி முன்னே நகர்த்தப்பட்டிருக்கும், கேமராவிலிருந்து நேரே வந்ததில் கடைசியில் இருக்கும். ஏவிஐயிலும் அட்டவணை கடைசியில்தான். ஆனால் அது இல்லாவிட்டாலும் பெரும்பாலும் படம் ஓடும், முன்பின் நகர்த்த மட்டும் முடியாது, விஎல்சியும் அட்டவணையைத் திருத்தட்டுமா என்று கேட்கும். தொலைக்காட்சி ஒளிபரப்பின் டிஎஸ் வடிவம் 188 பைட் பொட்டலங்களால் ஆனது என்பதால் எங்கே வெட்டினாலும் எஞ்சியது ஓடும்.

வேறொரு வகைச் சிதைவு நகலெடுக்கும்போது நேர்கிறது. பென் டிரைவைப் பாதுகாப்பாக விடுவிக்காமல் பிடுங்கினால், கோப்பின் பெயரும் முழு அளவும் பதிவாகி, உள்ளே பெரும்பகுதி வெறும் சுழிகளாகவே (பூஜ்யங்களாகவே) இருக்கக்கூடும். அளவு சரியாக இருப்பதால் மட்டும் நகல் சரி என்று கொள்ள இயலாது. கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால் உண்மை தெரியும்: நல்ல எம்பி4இன் 5ஆம் பைட்டிலிருந்து பெரும்பாலும் 'எஃப்டைப்' (ftyp) என்ற நான்கெழுத்துக் குறியும், ஏவிஐயின் தொடக்கத்தில் 'ரிஃப்' (RIFF) என்ற குறியும் இருக்கும். தொடக்கமும் நடுவும் சுழிகளாகவே நிறைந்திருந்தால் எந்தக் கருவியாலும் இல்லாததை மீட்க முடியாது. மூலத்திலிருந்து மறுநகல் எடுப்பதே வழி. எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த டிரைவில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு அடங்காது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் அலமாரிக்குள் இருக்கும் திருமண விசிடிகளைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். 1993இல் வகுக்கப்பட்ட அந்த வடிவம், பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் 352 × 288 புள்ளிகள் கொண்ட எம்பெக்-1 படத்தை 74 நிமிட அளவுக்கு ஒரு வட்டில் அடக்கியது. இடம் போதாததால், கணினித் தரவு வட்டுகளில் ஒவ்வொரு செக்டரிலும் (வட்டின் சிறு தரவுப் பகுதி) பிழை திருத்தத்துக்கென ஒதுக்கப்படும் 276 பைட்டுகளை அது கைவிட்டு, அந்த இடத்தையும் படத்துக்கே தந்தது. தொலைக்காட்சியோடு இணைந்த பிளேயரில் ஒரு கீறல் கண நேரக் கட்டமாகத் தோன்றி மறையும்; ஆனால் கணினியில் அதே வட்டில் படத்தைத் தாங்கிய டாட் (.dat) கோப்பை இழுத்துப் போட்டு நகலெடுக்க முயன்றால், படிக்க முடியாத முதல் செக்டரிலேயே நகலெடுப்பு நின்றுவிடும், மக்களும் வட்டு போய்விட்டது என்று எண்ணிவிடுவார்கள். விஎல்சியில் வட்டாகவே திறந்தால் அது பல வேளைகளில் ஓடும். ஐசோபஸ்டர், விசிடி இமேஜர் போன்ற கருவிகள் விசிடியின் செக்டர் அமைப்பை அறிந்தவை. டாட் உறையை நீக்கி உள்ளேயுள்ள எம்பெக் படத்தை அப்படியே எடுத்துத் தருகின்றன. ஒரு டிரைவில் படிக்காத வட்டு வேறொரு நிறுவனத்தின் டிரைவில் படிப்பதும் வழக்கம் என்பதால், குறைந்தது இரண்டு டிரைவுகளில் முயன்று பார்த்த பிறகே ஒரு விசிடியைப் படிக்க முடியாதது என்று ஒதுக்க வேண்டும்.